செண்பகவல்லி சண்டை போடவில்லை

சங்கரபாண்டியின் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த டாக்டர், வழி பார்க்க உள்ளே அனுப்பிய குட்டிக் கேமராவை அங்கேயே விட்டுவைத்தார். அதன் படம் சங்கரபாண்டியின் மனைவி செண்பகவல்லியின் கைப்பேசியில் எந்நேரமும் ஓடியது. அவருக்குக் கோபம் வந்தபோது குழாய் சுருங்கியதை அவள் கண்ணால் பார்த்துவிட்டாள். அன்றோடு வாயை மூடிக்கொண்டாள். குழம்பில் உப்பில்லை என்று அவர் தட்டைத் தள்ளினாலும், "வேற வைக்கேங்க" என்று சிரித்தாள். சரிக்குச் சரி வாயாடியவள் இப்போது அவரை விருந்தாளிபோல் நடத்தியது அவர் மனதை அரித்தது.

கடைசியில் டாக்டரிடமே போய் நின்றார். "அவ போன்ல அந்தப் படத்த நிறுத்திருங்க சார்."

"அவங்க பயப்படுவாங்களே?"

"இப்பவும் பயந்துக்கிட்டுதான் இருக்கா. ஒங்களுக்குப் படம் வருதுல்லா, அது போதும்."

வீடு திரும்பியபோது செண்பகவல்லி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "யாரக் கேட்டு நிறுத்துனீக? உள்ள என்ன நடக்குன்னு தெரியாம நான் எப்படி இருப்பேன்? நீங்கள்லாம் ஒரு மனுசனா?"

தெருவே திரும்பிப் பார்த்தது. சட்டென்று பயந்துபோய் அவர் நெஞ்சில் கை வைத்தாள். "படபடன்னு அடிக்கே!"

"அடிக்கத்தான செய்யும்," என்றார் சங்கரபாண்டி. "நீ விட்ட எடத்துலருந்து திட்டு."