இருபத்தாறு துளை

திரையில் ஐம்பத்திரண்டு என்று இருந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான். ஐம்பத்திரண்டுதான்.

அவன் வந்தது வேறு வேலைக்கு. விதைக்கும் கருவியில் மூன்றாவது வரிசை மோட்டார் சுற்றவில்லை என்று மருதமுத்து நேற்று போன் செய்திருந்தார். எலி ஒயரைக் கடித்திருந்தது. வெட்டி, முறுக்கி, டேப் சுற்றப் பத்து நிமிடம். அதோடு கிளம்பியிருக்கலாம். அமைப்புகளையும் ஒரு பார்வை பார்ப்போமே என்று திரையைத் தட்டியதுதான் வினை.

மக்காச்சோளத் தட்டைக் கழற்றினான். விதையை ஒவ்வொன்றாகப் பிடித்துப் போடும் வட்டத் தட்டு. துளைகளை விரல் வைத்து எண்ணினான்.

இருபத்தாறு.

ஒரு சுற்றுக்கு ஐம்பத்திரண்டு விதை விழும் என்று சொல்லிவைத்தால் கருவி மோட்டாரைப் பாதி வேகத்தில்தான் சுற்றும். கரிசலில் நெருக்கமாகவும் சரளையில் இடைவிட்டும் அதில் ஏற்றிய மண் வரைபடம் சொன்னபடியே விதைக்கும். ஆனால் எல்லா இடத்திலும் பாதி. திரை மட்டும் எல்லாம் சரி என்று காட்டிக்கொண்டிருக்கும்.

போன புரட்டாசியில் அதைப் பொருத்தியவன் அவன்தான்.

அன்று காலை வேறொரு ஊரில் பருத்திக்கு வைத்த அமைப்பைப் பென் டிரைவில் கொண்டுவந்து அப்படியே ஏற்றினான். பருத்தித் தட்டுக்கு ஐம்பத்திரண்டு துளை. விதைத்த சாலில் பத்தடி தோண்டி எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். மழை இருட்டிக்கொண்டு வந்தது. எண்ணவில்லை.

எட்டுப் பையில் நான்கு மிச்சம். "மெஷின் விதைய மிச்சப்படுத்தும்னு சொன்னேன்லண்ணே?" என்று மார்தட்டியவனும் அவன்தான்.

முளைத்தது பாதி. விளைந்ததும் பாதி.

பழி மருதமுத்துவின் மனைவி பூங்கொடி மேல் விழுந்தது. விதைப்பெட்டியில் முதல் கை விதையைப் போட்டவள் அவள். ராசியில்லாத கை என்றார்கள். அதன்பிறகு யார் விதைப்புக்கும் அவளைக் கூப்பிடுவதில்லை. சொந்த அண்ணன் மகள் கல்யாணத்தில் முகூர்த்தக்கால் நடும்போதும் தள்ளி நின்றாளாம். மருதமுத்துவே காலையில் இதைச் சொன்னார், மழை வருமா வராதா என்று பேசுகிற குரலில். அவனும் உச்சுக்கொட்டினான்.

இப்போது விதைப்பையைத் தூக்கி வந்தவள் மருதமுத்துவின் தம்பி மனைவி வளர்மதி. பூங்கொடி வரப்பில் நின்றாள். இரண்டு கையையும் முந்தானைக்குள் சுற்றியிருந்தாள்.

அவன் ஐம்பத்திரண்டை அழித்தான். இருபத்தாறு போட்டான். சேமித்தான்.

சொல்லிவிட வேண்டும். ஒரு வாக்கியம்.

சொன்னால் மருதமுத்து சும்மா விடமாட்டார். வேலை போகும். சொல்லாவிட்டால் இந்த வருடம் நன்றாக விளையும். அதுவே பூங்கொடிக்கு எதிரான சாட்சியாகிவிடும். யோசிக்க யோசிக்கத் தன் மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

வளர்மதி கிழக்கே பார்த்துக் கும்பிட்டாள். முதல் கை விதையைப் போட்டாள். டிராக்டர் ஒரு சால் ஓட்டி நின்றது.

இந்த முறை அவன் தோண்டினான். பத்தடிக்கும் எண்ணினான். ஒன்றுகூடக் குறையவில்லை.

மருதமுத்து குனிந்து பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தீங்களா தம்பி? கை மாறுனா எல்லாம் மாறும்."

அவன் வாயைத் திறந்தான்.

"எலி கடிச்ச ஒயருதாண்ணே கோளாறு. சரி பண்ணிட்டேன்."

கருவிப்பெட்டியை எடுத்துக்கொண்டு வரப்பேறினான். பூங்கொடி ஒதுங்கி வழிவிட்டாள். கடந்துபோகும்போது மெதுவாகக் கேட்டாள்.

"நான் கிட்டக்கூட வரல தம்பி. இந்த வருசம் நல்லா வந்துரும்ல?"

அவன் நின்றான். டிராக்டர் அடுத்த சாலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

"வந்துரும்க்கா" என்றான்.