ஒற்றை ஆட்சேபம்

"அந்தத் தீவுக்காரர்தான் அக்கா. வேற யாரா இருக்க முடியும்?" என்றார் தூதுக்குழுவின் வக்கீல்.

தூதுக்குழுத் தலைவிக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் காபி மிஷின் பக்கத்தில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. வக்கீலை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

விஷயம் இதுதான். உலகத்துக்கே கடன் கொடுக்கும் பெரிய வங்கியில், பணக்கார நாடுகள் நாலைந்து சேர்ந்து வைத்ததுதான் சட்டம். பாக்கி நாடுகள் அத்தனையும் சேர்ந்து கத்தினாலும் எடுபடாது. அந்த ஓட்டு முறையை மாற்றச் சொல்லி, வளரும் நாடுகளின் கூட்டணிக்காக அவள் ஒரு தீர்மானம் எழுதியிருந்தாள். இன்று கூட்டணி ஒப்புக்கொண்டால் நாளை அது வங்கியின் பொதுக்குழுவுக்குப் போகும். தவறினால், இனி எத்தனை வருஷம் காத்திருக்க வேண்டுமோ!

அவளுக்கு இது வெறும் உத்தியோகம் இல்லை. போன தடவை அவள் நாட்டுக்குக் கடன் கொடுத்தபோது, ஆஸ்பத்திரிகளில் ஆளைக் குறைக்கச் சொன்னது அந்த வங்கி. வீட்டுக்கு அனுப்பப்பட்ட நர்ஸுகளில் அவள் தங்கையும் ஒருத்தி. அந்த வயிற்றெரிச்சலோடுதான் ஒவ்வொரு வரியையும் எழுதினாள்.

கூட்டணியில் கை தூக்கி ஓட்டுப் போடும் வழக்கம் கிடையாது. தீர்மானம் எல்லாருக்கும் போகும். மதியம் வரை யாரும் வாய் திறக்காவிட்டால் நிறைவேறியதாக அர்த்தம். ஒரே ஒருவர் ஆட்சேபித்தாலும் போச்சு. ஆட்சேபத்தை ஒருங்கிணைப்பாளரிடம் ரகசியமாகச் சொல்லலாம். யார் சொன்னது என்று அவர் மூச்சு விடக் கூடாது. பெயர் தெரிந்தால் பெரிய நாடுகள் மிரட்டும், நண்பர்கள் முறைத்துக்கொள்வார்கள் என்று சின்ன நாடுகளுக்காக வைத்த விதி.

மதியத்துக்குச் சற்று முன்னால் ஒரு ஆட்சேபம் வந்திருப்பதாக ஒருங்கிணைப்பாளர் அறிவித்தார். ஒருங்கிணைப்பாளர் யார் என்றால், சின்னத் தீவு நாடு ஒன்றின் பிரதிநிதியான அந்தத் தீவுக்காரர்தான்.

"காலையில பணக்கார நாட்டு ஆளோட ஒரே மேஜையில சாப்பிட்டாரு. நானே பார்த்தேன். சிரிப்பு வேற" என்று வக்கீல் எண்ணெய் ஊற்றினார். "வேற யாரும் ஆட்சேபிக்கலை அக்கா. இவரே போட்டுட்டு, எவரோ போட்டதா கதை விடுறாரு."

பேசிக்கொண்டிருக்கும்போதே தீவுக்காரர் அவர்களைத் தேடிக்கொண்டு வந்தார். ஒல்லியான மனுஷன், கோட்டு தோளில் நிற்காமல் சரிந்துகொண்டிருந்தது. வக்கீலைக் கொஞ்சம் விலகி நிற்கச் சொல்லிவிட்டு அவளிடம் குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், உங்க அமைச்சர்கிட்ட ஒருதடவை பேசிட்டு வாங்களேன். கூட்டத்தை அதுவரைக்கும் தள்ளி வைக்கிறேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. அமைச்சர் அவளை விமான நிலையம் வரை வந்து வழியனுப்பியவர். அவரிடம் பேச என்ன இருக்கிறது? நேரத்தைக் கடத்திவிட்டால் தீர்மானம் தானாகச் செத்துவிடும், அதுதானே கணக்கு?

"தள்ளி வைக்கவெல்லாம் வேண்டாம். உள்ள வாங்க, எல்லார் முன்னாடியும் பேசிக்கலாம்" என்றாள்.

உள்ளே போனதும் முதல் ஆளாக மைக்கைப் பிடித்தாள். காலைச் சாப்பாடு, சிரிப்பு, கூட்டத்தைத் தள்ளிவைக்கப் பார்த்தது என்று ஒன்றுவிடாமல் போட்டு உடைத்தாள். அரங்கம் சலசலத்தது. பின்வரிசையில் இருந்த ஒருவர், எனக்கும் காலையிலிருந்தே உறுத்தல்தான் என்றார். காலையில் இதே தீவுக்காரருக்குக் கை கொடுத்தவர் அவர்.

"கேட்கிறேன்னு தப்பா நினைக்காதீங்க" என்றாள் அவள். "ஆட்சேபம் யாரோடதுன்னு சொல்லுங்க. சொல்ல முடியலைன்னா, உங்களோடதுன்னுதான் நாங்க எடுத்துக்குவோம்."

தீவுக்காரர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்குப் பிடிக்கவில்லை. மாட்டிக்கொண்டவன் பார்வை என்று நினைத்துக்கொண்டாள்.

"என்னோடதுதான்" என்றார் அவர். "வாபஸ் வாங்கிக்கிறேன். இப்ப ஆட்சேபம் எதுவும் இல்லை. தீர்மானம் நிறைவேறியது."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அது அடங்கியதும், இப்படிப்பட்டவர் இனி ஒருங்கிணைப்பாளராக இருக்கக் கூடாது என்று நாலு குரல்கள் எழுந்தன. தீவுக்காரர் மேஜை மேல் இருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்தார். அவர் இடத்தில் அவளையே உட்காரச் சொன்னார்கள். அவளும் உட்கார்ந்தாள்.

தன்னைத் தாண்டிப் போனவரிடம், "உங்க ஜனங்களுக்காகவாவது யோசிச்சிருக்கலாம் சார்" என்றாள். சொல்லாமல் விட அவளால் முடியவில்லை.

"தீர்மானம் நல்லா எழுதியிருக்கீங்க மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். கிண்டல்தான் என்று அவளுக்கு உறுதியாகப் பட்டது.

செல்போன் அதிர்ந்தது. அமைச்சர். பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று முகமெல்லாம் மலர எடுத்தாள்.

"என்னம்மா நடக்குது அங்க?" அமைச்சர் கொதித்துக்கொண்டிருந்தார். "நம்ம வட்டார வங்கியில பாதி ஓட்டு நம்ம கையில இருக்கு. இந்தத் தீர்மானத்தைக் காட்டி, நாளைக்குப் பக்கத்து நாட்டுக்காரன் எல்லாம் நம்மகிட்டயே பங்கு கேட்க மாட்டானா? நானே அந்தத் தீவுக்காரரைக் கூப்பிட்டு ஆட்சேபம் சொன்னேன். என் ஆட்சேபத்தை வாபஸ் வாங்க அந்த ஆள் யாரும்மா?"