ஆறு அங்குலம்

ஜூன் ஏழாம் தேதி காலை பத்து மணிக்கு, "இனிமே உங்கப்பாவோட ஒரே வீட்ல இருக்க மாட்டேன்" என்று அம்மா தொலைபேசியில் கூறியதைக் கேட்டு, மகள் பதறி வந்தாள். உணவு மேசை முழுவதும் பண்டைய கிரேக்க வீரர்களின் சிறு பொம்மைகள் அணிவகுத்து நின்றன.

"தூசி துடைச்சேன். அதுக்கா இவ்வளவு கோபம்?" என்றார் அப்பா.

"துடைச்சாராம்! கூசாம பொய் சொல்றதைப் பாரு!" அம்மா துணிப்பெட்டியை அறைந்து மூடினார்.

"பொம்மைக்காகவாம்மா வீட்டை விட்டுப் போறே? அவர் விளையாடிட்டுப் போகட்டுமே!"

"ஒழுங்கா விளையாடட்டும்! நேத்து ஆட்டத்தை நிறுத்தினப்போ படைங்க நின்ன இடத்துல சாக்பீஸால கோடு போட்டு வச்சேன், பாரு. தூசி துடைச்சா அவரோட ஸ்பார்ட்டா படை மட்டும் எப்படிடீ ஆறு அங்குலம் முன்னால வரும்? நான் குளிக்கப் போன நேரத்துல என் ஏதென்ஸ் படையை வளைச்சிட்டாருடீ!"

மகள் அளந்து பார்த்தாள். அப்பா தம் படையை ஆறு அங்குலம் பின்னுக்கு நகர்த்துவதென்றும், ஆட்டம் முடியும்வரை அம்மா வீட்டைவிட்டுப் போவதில்லை என்றும் முடிவாயிற்று.