கை மட்டும் போதும்

"அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க நிழல் படத்துல விழுது."

கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான் ஜெயவேலு. சமையல்காரி தனலக்ஷ்மி தோசைக் கரண்டியை மேடைமேல் வைத்துவிட்டு ஃப்ரிட்ஜ் பக்கம் ஒதுங்கினாள். அவள் நின்ற இடத்தில் வீட்டுக்காரி பார்கவி வந்து நின்று, கரண்டியைப் பேனா பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாம் நேச்சுரலா இருக்கணும் சார். எங்க வீட்டு சண்டே எப்படி இருக்குமோ, அப்படியே. போஸ் கொடுக்கிற மாதிரியே தெரியக் கூடாது."

"அதானே மேடம் நம்ம ஸ்டைலே" என்றான் ஜெயவேலு. உள்ளுக்குள் சிரிப்பு முட்டியது.

பெங்களூர் அல்சூரில் அந்த அபார்ட்மென்ட்டின் ஒன்பதாவது மாடிக்குக் காலை எட்டு மணிக்கே வந்துவிட்டான். கல்யாண வீடுகளில் ஜனங்கள் கேமராவைப் பார்த்து விறைத்துக்கொண்டு நிற்பார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். இப்போதோ கேமராவே இல்லாததுபோல் நடிக்கிறார்கள். பார்கவிக்கு இன்ஸ்டாகிராமில் சமையல் பக்கம் ஒன்று உண்டு. பார்ப்பவர்கள் நாற்பதாயிரம் பேர். அவர்களுக்குக் காட்டத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை.

கணவன் ராகேஷ் பால்கனியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றினான். அது பிளாஸ்டிக் செடி. பிறகு வாட்ச்மேனிடம் இரவல் வாங்கிய பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, யாரோ ஜோக் சொன்னதுபோல் சிரித்தான்.

'இதுங்களுக்கு ஒரு குடும்பம், அதுக்கு ஒரு போட்டோ' என்று நினைத்தபடியே ஜெயவேலு, "சூப்பர் சார், அப்படியே இருங்க" என்றான்.

நடுவில் காபி வந்தது.

"உங்க கார்டைத் தனலக்ஷ்மிதான் கொடுத்தா. அவங்க ஏரியாவாமே நீங்க?" என்றாள் பார்கவி.

"ஜோகுபாளையத்துல முன்னாடி ஸ்டுடியோ இருந்துச்சு மேடம். பாஸ்போர்ட் போட்டோ எடுக்கக்கூட இப்ப யாரும் வர்றதில்ல. அதான் வீடு வீடா ஷூட்."

"வைஃப் என்ன பண்றாங்க?"

ஜெயவேலு காபியை ஒரு வாய் குடித்தான்.

"ஃபுட் லைன்ல இருக்காங்க மேடம். கேட்டரிங் கம்பெனியில... மேனேஜ்மென்ட் சைடு."

அடுப்படியிலிருந்து கடுகு கருகும் நெடி வந்தது.

"தனலக்ஷ்மி! கவனம் எங்க இருக்கு? நாலு வருஷத்துல ஒரு நாள் இப்படி ஆனதில்ல, இன்னிக்குப் பார்த்து!"

"தப்பாயிடுச்சும்மா" என்றாள் அவள், தலை நிமிராமல்.

முக்கியமான படம் கடைசியில்தான். அம்மா மகளுக்குத் தோசை ஊட்ட வேண்டும். நாலு வயது ரக்ஷிதா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"சுவல்ப, கொஞ்சமே கொஞ்சம் வாயைத் திற கண்ணா. அம்மா சொல்றேன்ல?"

"ம்ஹூம். தனா ஆன்ட்டி ஊட்டணும்."

"இன்னிக்கு இவளுக்கு மூட் சரியில்ல சார்" என்று சமாளித்தாள் பார்கவி. சாக்லேட் காட்டினார்கள், போனில் கார்ட்டூன் காட்டினார்கள். குழந்தை அழ ஆரம்பித்தது. பார்கவிக்கும் அழுகை வந்துவிடும்போல் இருந்தது.

ஜெயவேலுதான் வழி கண்டுபிடித்தான்.

"முகம் வேணாம் மேடம். கை மட்டும் போதும். உங்க வளையலை அந்த சமையல் அக்காவுக்குப் போட்டு விடுங்க. க்ளோசப்புல பார்த்தா அம்மா கைதான்."

"வாவ்! இதுக்குத்தான் எக்ஸ்பீரியன்ஸ் வேணுங்கிறது!"

தனலக்ஷ்மியின் கையில் வளையல் ஏறவில்லை. சோப்பு நுரை தடவி ஏற்றினார்கள். மணிக்கட்டுக்கு மேலே, எப்போதோ எண்ணெய் தெறித்த தழும்பு ஒன்று கறுத்துத் தெரிந்தது. பார்கவி முகம் சுளித்தாள்.

"விடுங்க மேடம், அதை எடிட்டுல எடுத்துடலாம்" என்றான் ஜெயவேலு.

தனலக்ஷ்மி அப்போது ஒரே ஒரு முறை அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தோசையைப் பிய்த்துச் சட்னியில் தோய்த்து நீட்டினாள். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு, ஆவென்று வாயைத் திறந்தது. அன்று எடுத்ததிலேயே உயிருள்ள படம் அது ஒன்றுதான்.

பார்கவி கேமராத் திரையை எட்டிப் பார்த்தாள். "எவ்வளவு நேச்சுரல், பாருங்க! 'என் கையால் ஒரு வாய்'னு தலைப்புப் போட்டுடறேன்."

தூ என்று மனசுக்குள் துப்பிவிட்டு, "பொருத்தமா இருக்கும் மேடம்" என்றான் ஜெயவேலு.

மதியம் வேலை முடிந்து தனலக்ஷ்மி வெளியே வந்தபோது, கேட்டிலிருந்து கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், தெருத் திருப்பத்தில் அவன் ஸ்கூட்டரோடு நின்றிருந்தான். அவளைக் கண்டதும் அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் வெடித்தது.

"பார்த்தியா கூத்த? கரண்டி புடிக்கத் தெரியல, பெத்த புள்ள கிட்ட வர மாட்டேங்குது. சமைக்கிறவள ஒளிச்சு வெச்சுட்டு, ஊருக்கெல்லாம் அம்மான்னு வேஷம். வெக்கங்கெட்ட ஜென்மம்! சரி, ஏறு, போலாம்."

தனலக்ஷ்மி சிரிக்கவில்லை. வண்டியில் ஏறவும் இல்லை.

"அந்தம்மாவாவது சமையக்காரியத்தான் ஒளிச்சுது. நீ தாலி கட்டுன பொண்டாட்டிய ஒளிச்சியே, அதுக்கு இன்னாய்யா பேரு?"