ஃபெர்மின் இறக்கிய வண்டி

"வண்டியோட முன்பக்கத்தை இறக்க ஸ்பிண்டில் மாத்தலாமா, கட்டை ஸ்பிரிங் போடலாமா, இல்ல காத்துப் பை வெச்சிடலாமா? நீங்களே சொல்லுங்க மாமா."

எலோய் கேட்டபோது மெக்கானிக் ஃபெர்மின் யோசிக்கவே இல்லை. "கட்டை ஸ்பிரிங்தான்டா. உன் பிக்கப்போட மூக்கு தரையை உரசணும், அவ்வளவுதானே?"

எஸ்பனோலா ஊரில் அந்த மூக்கு உரசாவிட்டால் இளவட்டங்களுக்கு மரியாதை இல்லை.

புது ஸ்பிரிங்கைப் பெட்டியோடு எலோயிடம் காட்டினார். அவன் தலை மறைந்ததும், பட்டறையில் வீல் அலைன்மென்ட் பார்க்கும் மகள் டெல்ஃபினாவிடம் பெட்டியைக் கொடுத்து, கடையில் திருப்பிக் கொடுத்துக் காசை வாங்கிவரச் சொன்னார். பழைய ஸ்பிரிங்கைக் கழற்றாமலே கேஸ் தீயில் வாட்டினார். இரும்பு இளகி, முன்பக்கம் தணிந்தது.

தீயில் வாட்டிய ஸ்பிரிங் எந்த வளைவிலும் உடையலாம் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? ஓட்டப்போவது எவனோ ஒருவன்தானே!

புனித வெள்ளியன்று எலோய் பட்டறைக்கு நடந்து வந்தான்.

"வண்டி எங்கடா?"

"டெல்ஃபினா காரு கிளம்பலையாம். சிமாயோ கோயிலுக்குப் போகணும்னு கேட்டா, குடுத்துட்டேன்."

மலை ரோடு. ஒரு பக்கம் பள்ளம்.

ஃபெர்மின் மகளுக்குப் போன் அடித்தார். சிக்னல் இல்லை.

தன் வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் பள்ளத்தை எட்டிப் பார்க்கப் பயமாக இருந்தது, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. ஓரிடத்தில் தடுப்புக் கம்பி வளைந்து கிடந்தது. உயிரே போய்விட்டது. பிறகுதான் அதில் துரு ஏறியிருப்பதைக் கவனித்தார்.

"மாதாவே, என் பொண்ணைக் குடுத்துடு. இனிமே சத்தியமா இப்படிச் செய்ய மாட்டேன்!"

கோயில் வாசலில் பிக்கப் முழுசாக நின்றிருந்தது. டெல்ஃபினா அதில் சாய்ந்தபடி சோளமாவுத் தமாலே தின்றுகொண்டிருந்தாள். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார்.

"இதுல இனிமே ஏறாதேம்மா! அந்த ஸ்பிரிங்கை நான்..."

"தெரியும்பா."

"தெரிஞ்சுமா ஏறினே?"

"அன்னிக்கு நீங்க சாப்பிடப் போனதும், வாட்டினதைக் கழட்டிப் போட்டுட்டுப் புதுசை மாட்டிட்டேன். பெட்டி கடைக்குப் போகவே இல்ல. திரும்ப வந்ததுன்னு நான் குடுத்த காசு, என் சம்பளம்."

ஃபெர்மினுக்குப் போன உயிர் திரும்பியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "கெட்டிக்காரி! இந்த வண்டியில போகப்போறோம்னு தெரிஞ்சு முன்கூட்டியே மாத்திட்டியாக்கும்!"

டெல்ஃபினா சிரிக்கவில்லை.

"இது மட்டும் இல்லப்பா. நான் பட்டறைக்கு வந்ததுலேர்ந்து நீங்க வாட்டின எல்லா வண்டியிலயும் மாத்தியிருக்கேன். இன்னிக்கு உங்களுக்கு வந்த பயம், எனக்கு ஒவ்வொரு வண்டிக்கும் வந்துச்சு."