எந்தக் கரை யானை

மடமடவென்று ஒரு சத்தம். பிறகுதான் ஆற்றங்கரை ஆலமரம் சாய்வதைத் தவிட்டுக்குருவி பார்த்தது. தன் குட்டியைக் கொன்ற பாம்பு அதில் ஒளிந்திருக்கிறதென்று ஒரு யானை மரத்தையே தள்ளிவிட்டுப் போனது. பாம்பு செத்தது. குருவியின் மூன்று முட்டைகளும் உடைந்தன.

சேதி சொல்லும் காகமும் மந்திரி நரியும் வந்து சேர்ந்தன.

"வீரம்னு கூவவா, அக்கிரமம்னு கூவவா மந்திரி?" என்றது காகம்.

"அவசரப்படாதே. தள்ளினது நம்ம கரை யானையா, அக்கரை யானையான்னு முதல்ல கேளு."

காகம் கேட்டது. குருவி அண்ணாந்தபடியே இருந்தது. மரம் நின்ற இடத்தில், அது பார்த்தேயிராத அவ்வளவு பெரிய வானம் திறந்து கிடந்தது.

"கரை தெரியலைண்ணே. மலை நடந்து போன மாதிரி இருந்தது."

"அப்போ நான் என்னன்னு கூவ?"

"மூணு முட்டைன்னு கூவுங்க" என்று சொல்லிவிட்டு, விழுந்த கிளைகளுக்கிடையே குச்சி பொறுக்கத் தொடங்கியது குருவி.