மூக்கு முதல் வால் வரை

அம்மா காக்கைக்கு ஒரே ஒரு ஆசை. நேற்றுதான் முதன்முதலாகப் பறந்த குஞ்சின் முகம் தெரிகிற மாதிரி ஒரு குடும்பப் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் அக்காவுக்கு அனுப்ப வேண்டும். அப்பா காக்கையோ எல்லோரையும் விமான நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போய், அங்கிருந்ததிலேயே பெரிய விமானத்தின் முன்னால் நிறுத்திவிட்டது.

படமெடுக்க வந்த கொக்கு, "அண்ணே, இந்த லென்ஸ் போட்டா உங்க முகமெல்லாம் பளிச்சுன்னு விழும். பின்னால ஒரு சக்கரம் தெரியும்," என்றது.

"சக்கரம் மட்டும் தெரிஞ்சா லாரின்னு நினைச்சுடுவாங்க. மூக்கிலிருந்து வால் வரைக்கும் வரணும்!"

"குஞ்சு முகம்..." என்று இழுத்தது அம்மா காக்கை.

"அதைத்தான் தினமும் கூட்டுல பார்க்கிறியே!"

கொக்கு அகல லென்ஸை மாட்டிக்கொண்டு பின்னால் நடந்தது. நடந்துகொண்டே இருந்தது.

படத்தில் விமானம் முழுசாக விழுந்திருந்தது. அம்மா காக்கை தலையைச் சாய்த்துச் சாய்த்துத் தேடியது.

"இதோ, நம்ம பிள்ளை!" என்று சக்கரத்தின் அருகே இருந்த கறுப்புப் புள்ளியை அலகால் தொட்டுக் காட்டியது அப்பா காக்கை.

"அது டயர்ல ஒட்டின தாருங்க," என்றது கொக்கு.

அப்பா காக்கை உற்றுப் பார்த்தது.

"இருக்கட்டுமே. எவ்வளவு பெரிய விமானத்துத் தார்!"